முதல் 1/24 மாடல் கார்: கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

என் முதல் மாடல் காரின் கூரையில் என் கட்டைவிரல் ரேகை இருக்கிறது. ஆதாரோடு ஒப்பிட்டால் பொருந்தும், அவ்வளவு தெளிவு. பெயின்ட் காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்த பலன். பின்பக்கக் கண்ணாடி பால் தெளித்ததுபோல் வெளுத்திருக்கிறது. அது தப்பான பசையின் வேலை. பானெட்டில் படர்ந்திருக்கும் வெள்ளைப் படலம், சென்னையின் நவம்பர் மாதம் கொடுத்த பரிசு. கிட் (பிரித்துக் கட்டவேண்டிய பிளாஸ்டிக் பாகங்கள் அடங்கிய பெட்டி), பெயின்ட், கருவிகள் எல்லாம் சேர்த்துப் பதினோராயிரத்துக்கு மேல் செலவழித்து இப்படி ஒரு காரைச் செய்து வைத்திருக்கிறேன்.

அதன்பிறகு ஆறு கார்கள் கட்டிவிட்டேன். திரும்பிப் பார்த்தால், முதல் காரைக் கெடுத்தது என் கை இல்லை, என் அவசரம். கிட்டோடு வரும் விளக்கத்தாள் அடிப்பகுதியில் தொடங்கி, பாடியில் முடியும். நானும் அப்படியே போனேன். ஆனால் பாடிதான் அதிக நாள் கேட்கும். பெயின்ட் காய வேண்டும், மேலே க்ளியர், அதாவது நிறமற்ற பளபளப்புப் பூச்சு, காய வேண்டும். அதைக் கடைசியில் தொட்டால், மீதி எல்லாம் தயாராக உட்கார்ந்திருக்க, நமக்குக் கை பரபரக்கும். பாடியை முதல் நாளே தொடங்கிவிட்டால், அது காய்கிற நாட்களில் மற்றதைக் கட்டலாம். கீழே சொல்வதெல்லாம் அந்த வரிசையில்தான்.

1. எந்த கிட்டை வாங்குவது

கார்களுக்கு 1/24 அளவு, அதாவது நிஜக் காரில் இருபத்துநாலில் ஒரு பங்கு, சரியானது. நிஜத்தில் 4,265 மி.மீ. நீளமுள்ள டொயோட்டா ஜிஆர் 86, இந்த அளவில் ஏறக்குறைய 17.8 செ.மீ. வரும். உள்ளங்கையில் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். டாமியா, ஹசேகாவா, ஃபுஜிமி, ஆவோஷிமா போன்ற ஜப்பான் நிறுவனங்களின் கார்கள் பெரும்பாலும் 1/24. ஏஎம்டி, எம்பிசி போன்ற அமெரிக்கப் பெயர்களில் வருபவை பெரும்பாலும் 1/25. பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

முதல் கிட்டுக்கு மூன்று விதி வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் இல்லாத, பானெட் திறக்காத கிட்டாக இருக்கட்டும். டாமியாவின் ஜிஆர் 86 அப்படிப்பட்டது. பாடி வெள்ளை பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டிருக்கட்டும். சிவப்பு பிளாஸ்டிக் பாடிக்கு வெள்ளையோ மஞ்சளோ அடித்தால், அடியில் இருக்கும் சிவப்புச் சாயம் கசிந்து மேலே வந்து ரோஸ் நிறமாக்கிவிடும். மூன்றாவது, பழைய அச்சுகளை மறுபடி ஓட்டி விற்கும் அமெரிக்க கிட்களை இப்போது தொடாதீர்கள். ஓரமெல்லாம் பிசிறு, பாகங்கள் ஒன்றோடு ஒன்று உட்காராது. படம் பார்த்து ஆசை வரும். நாலாவது கார்வரை தள்ளிப்போடுங்கள்.

பசையும் பெயின்ட்டும் இப்போதைக்கு வேண்டாம் என்றால் ஆவோஷிமாவின் 1/32 ஸ்னாப் கிட் வரிசை இருக்கிறது. நிறம் ஏறிய பிளாஸ்டிக்கிலேயே வரும், அழுத்தினால் பொருந்தும். நம் ஊர்ச் சாலையில் ஓடுகிற சுசுகி ஜிம்னிகூட அதில் உண்டு. ஒரு மாலையில் முடிந்துவிடும். பாகம் வெட்டப் பழக அது போதும்.

2. இங்கே வாங்குவதா, வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதா

முதல் கிட்டை உள்நாட்டுக் கடையில் வாங்குங்கள். விலை கூடுதலாகத் தோன்றும். நானும் அப்படி நினைத்துத்தான் ஜப்பான் கடை ஒன்றில் நேரடியாக ஆர்டர் போட்டேன். கிட் விலை இங்கே இருப்பதில் பாதிதான். அப்புறம் தபால் கட்டணம், அப்புறம் சுங்க வரி, அப்புறம் கூரியர்காரர்களின் கையாளும் கட்டணம். கடைசியில் உள்ளூர் விலையைத் தாண்டி நானூறு ரூபாய் ஆனது. பதினொரு நாள் பார்சல் சுங்கத்தில் கிடந்தது தனி.

வரி விஷயத்தைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். சுங்க அட்டவணையில் அளவு குறைத்த மாடல்கள் பொம்மைகளோடு சேர்ந்து 9503 என்ற தலைப்பில் வருகின்றன. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2023 பட்ஜெட்டில் 70 ஆனது. அதற்கு மேல் ஜிஎஸ்டி. சொந்த உபயோகத்துக்கு வரும் பார்சலுக்கு வேறு தலைப்பில், வேறு விகிதத்தில் வரி போடுவதும் உண்டு. விகிதங்கள் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும் என்பதால், ஆர்டர் போடும் வாரத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வரவழைத்தே தீருவது என்றால், கீழே உள்ளவற்றை ஆர்டர் போட்ட அன்றே போனில் ஒரு ஃபோல்டரில் எடுத்து வையுங்கள்:

- ஆதார், பான் நகல். கூரியரில் வந்தால் கேஒய்சி கேட்பார்கள். பார்சலின் மேல் உள்ள பெயரும் இவற்றில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். இனிஷியலை முன்னே போடுவதா பின்னே போடுவதா என்பதுகூடத் தலைவலி ஆகும்.
- கடையின் இன்வாய்ஸ். பொருள், எண்ணிக்கை, விலை மூன்றும் அதில் தெரிய வேண்டும்.
- பணம் கட்டியதற்கான சான்று: கார்டு ஸ்டேட்மென்ட் பக்கம் அல்லது ரசீது.

என் பார்சல் நின்றது மூன்றாவது இல்லாமல்தான். கேட்டு வந்த மின்னஞ்சல் ஸ்பாமில் கிடந்தது. டிராக்கிங் இரண்டு நாள் நகராமல் நின்றால் முதலில் ஸ்பாமைப் பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் மாமாவிடம் ஸ்ப்ரே கேன் வாங்கிவரச் சொல்லாதீர்கள். பெயின்ட் ஸ்ப்ரேயும், பாகங்களை ஒட்டும் பிளாஸ்டிக் சிமென்ட்டும் தீப்பற்றும் பொருட்கள். கைப்பையிலும் கூடாது, செக்-இன் பெட்டியிலும் கூடாது. கிட் மட்டும் கொண்டுவரலாம். ஆன்லைனில் உள்நாட்டிலேயே வாங்கினாலும் ஸ்ப்ரே தரைவழியாகத்தான் வரும், ஒரு வாரம் பத்து நாள் ஆகும். எனவே கிட் வாங்கும் முன்பே பெயின்ட்டை ஆர்டர் போடுங்கள்.

3. கருவிகளும் செலவும்

நான் முதல்முறை செலவழித்த கணக்கு, ரூபாயில், இன்றைக்கு முன்பின் இருக்கும்: கிட் 3,600, நிப்பர் (பாகம் வெட்டும் கொறடு) 450, கத்தி 150, வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) 100, சிமென்ட் 450, பிரைமர் (நிறத்துக்கு அடியில் அடிக்கும் பூச்சு), நிறம், க்ளியர் மூன்று கேனும் தலா 850, சின்ன பாட்டில் அக்ரிலிக் ஆறு 1,320, மாஸ்கிங் டேப் 350, பிரஷ் 200, சாமணம் 150, முகமூடி 1,800. மொத்தம் 11,120. அடுத்த காருக்குக் கிட்டும் பெயின்ட்டும் மட்டும்தான்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் முகமூடி. கோவிட் காலத்து என்95 தூசியைத்தான் தடுக்கும், பெயின்ட் ஆவியைத் தடுக்காது. ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிஜ் மாட்டும் அரைமுக முகமூடி வாங்குங்கள், தொழிற்சாலைப் பாதுகாப்புச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். மிச்சம் பிடிக்கலாம் என்றால் வாட்டர் பேப்பர்: ஹார்டுவேர் கடையில் 400, 600, 1000, 2000 நம்பர்களில் ஒவ்வொரு தாள் போதும்.

பசையில் குழப்பம் வேண்டாம். பிளாஸ்டிக் சிமென்ட் என்பது ஒட்டுவதில்லை, இரண்டு பக்கத்தையும் கரைத்து ஒன்றாக்குகிறது. சூப்பர் க்ளூவின் ஆவி கண்ணாடிப் பாகங்களில் வெள்ளையாகப் படியும். என் பின்பக்கக் கண்ணாடியின் கதை அதுதான். ஒளி ஊடுருவும் பாகங்களுக்கு ஃபெவிகால் மாதிரியான வெள்ளைப் பசை போதும், காய்ந்தால் நிறமே தெரியாது.

பெயின்ட் கடைத் தின்னர், டிங்கரிங் கடை ஸ்ப்ரே இரண்டையும் வெற்று பிளாஸ்டிக்கில் காட்டாதீர்கள். கரைத்துவிடும்.

4. முதல் நாள்: பாடியை எடுங்கள்

விளக்கத்தாளை முழுவதும் ஒருமுறை படித்துவிட்டு, பாடி, பம்பர், பக்கவாட்டு மிரர், ஸ்பாய்லர் என்று எதெல்லாம் வண்டி நிறத்தில் வர வேண்டுமோ அவற்றை மட்டும் பிரியுங்கள். மற்ற எதையும் சட்டத்திலிருந்து, அதாவது பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டகத்திலிருந்து, வெட்ட வேண்டாம். வெட்டிப் போட்டால் நம்பர் தெரியாமல் போய்விடும்.

வெட்டும்போது பாகத்தை ஒட்டி வெட்டாமல் ஒன்றிரண்டு மி.மீ. தள்ளி வெட்டி, மீதியைக் கத்தியால் சீவுங்கள். ஒட்டி வெட்டினால் பிளாஸ்டிக் வெளுத்துப் பள்ளம் விழும்.

இப்போது பாடியை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். முன் சக்கரத்துக்கு மேலே மட்கார்டு முகட்டிலும், பின்பக்கத் தூணிலும் மயிரிழைபோல ஒரு கோடு ஓடும். அச்சின் இரண்டு பாதி சேர்ந்த இடம். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, நகத்தால் வருடினால் தட்டும். பெயின்ட் அடித்துப் பளபளப்பு வந்ததும் அதுதான் முதலில் தெரியும். 600, பிறகு 1000 பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, நகம் தட்டாதவரை தேயுங்கள். நான் இரண்டாவது காரில் ஒரு பக்கத் தூணை மறந்துவிட்டேன். இன்றும் அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்க்க வைத்திருக்கிறேன்.

இன்னொரு வேலை, யாரும் எனக்குச் சொல்லாதது: கதவு இடுக்குகளைக் கத்தியின் முதுகால் இரண்டு மூன்று தடவை மெதுவாக இழுத்து ஆழமாக்குங்கள். பிரைமர், நிறம், க்ளியர் என்று ஏறும் கோட்டுகள் அந்த இடுக்கை அடைத்துவிடும். அடைந்தால் கார் சோப்புக்கட்டி மாதிரி ஆகிவிடும்.

பாத்திரம் கழுவும் திரவத்தில் கழுவி, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து, காய விடுங்கள். அச்சிலிருந்து கழற்றப் போடும் எண்ணெய்ப் பசை போக வேண்டும். அதற்குப் பிறகு வெறுங்கை படக் கூடாது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

5. பெயின்ட் அடிப்பது

முதல் காருக்கு மெட்டாலிக் வேண்டாம். அதன் செதில்கள் சீராகப் படியாமல் மேகம் மேகமாகத் தெரியும். சாதாரண நீலம் நல்லது. 100 மி.லி. கேன் ஒன்று ஒரு 1/24 பாடிக்குப் போதும்.

காலி வாட்டர் பாட்டிலின் கழுத்தில் மாஸ்கிங் டேப்பைச் சுற்றி, அதன்மேல் பாடியை உள்பக்கமாகச் செருகி நிறுத்துங்கள். அட்டைப் பெட்டியைப் பக்கவாட்டில் படுக்கவைத்தால் அதுவே ஸ்ப்ரே அடிக்கும் கூண்டு. இடம் மொட்டை மாடி. வீட்டுக்குள் அடிப்பதாக இருந்தால், கேஸ் அடுப்பும் பூஜை விளக்கும் எரியாத நேரமாகப் பாருங்கள். அகல் விளக்கை நாம் நெருப்பாகவே நினைப்பதில்லை, ஸ்ப்ரே ஆவிக்கு அது நெருப்புதான்.

கேனை நன்றாக ஒரு நிமிடம் குலுக்கி, 15 முதல் 20 செ.மீ. தள்ளி, பாடிக்கு வெளியே தொடங்கி, குறுக்கே ஓட்டி, வெளியே போய் நிறுத்துங்கள். காரின்மேல் வைத்து அழுத்தத் தொடங்கினால் அங்கே பொட்டு விழும். முதல் கோட் நிறமே வரக் கூடாது, புள்ளி புள்ளியாக மூடாமல் இருக்க வேண்டும். பத்து நிமிடம் கழித்து இரண்டாவது. இன்னும் பத்து நிமிடம் கழித்து மூன்றாவது, இதைத்தான் ஈரமாகப் பளபளக்கும் அளவுக்கு அடிக்க வேண்டும். முதல் கோட்டிலேயே மூடிவிட நினைத்தால் கதவுக்குக் கீழே கண்ணீர்போல் வழியும்.

பிரைமரும் இதே முறை. பிரைமர் ஒரு நாள் காய்ந்ததும் 1000 பேப்பரால் லேசாகத் தடவினால் விட்டுப்போன கோடெல்லாம் காட்டிக்கொடுக்கும். இப்போது சரிசெய்வது எளிது.

ஈரப்பதம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லாக்கர் (இந்த ஸ்ப்ரே கேன்களில் வரும் வகை) பெயின்ட்டின் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரம் அதில் படிந்து வெளுத்துவிடும். முந்நூறு ரூபாய்க்கு ஈரப்பதமானி கிடைக்கும், வாங்கி மாடிக் கதவருகில் வையுங்கள். 65 சதவீதத்துக்கு மேல் காட்டினால் அன்றைக்கு வேறு வேலை பாருங்கள். சென்னையில் அதிகாலை எப்போதுமே மோசம். மழையில்லாத மாதங்களில் பத்து மணிக்கு மேல், கடற்காற்று நுழைவதற்குள் ஒரு சின்ன இடைவெளி கிடைக்கும். ஏசி அறை உலர்ந்திருக்குமே என்று பாடியை அங்கே வைத்திருந்து மாடிக்குக் கொண்டுபோகாதீர்கள். குளிர்ந்த சொம்பு வேர்ப்பதுபோல் அதுவும் வேர்க்கும். அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு அடியுங்கள். வெளுத்துவிட்டதா? பயப்பட வேண்டாம், உலர்ந்த நாளில் மேலே இன்னொரு மெல்லிய கோட் அடித்தால் பெரும்பாலும் மறையும்.

அடித்து முடித்ததும் பெரிய பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடுங்கள். அடியில் இரண்டு பென்சில் கொடுத்தால் ஆவி வெளியேறும், தூசி விழாது.

இப்போது ஸ்பூன். பார்சல் சாப்பாட்டோடு வரும் வெள்ளை பிளாஸ்டிக் ஸ்பூனை, காருக்கு அடிக்கும்போதெல்லாம் பக்கத்தில் வைத்து அதற்கும் அதே கோட்டை அடியுங்கள். காய்ந்ததா என்று தொட்டுப் பார்க்கத் தோன்றும்போதெல்லாம் ஸ்பூனைத் தொடுங்கள். ஸ்பூனில் ரேகை விழாவிட்டாலும், மூக்கருகில் கொண்டுபோனால் பெயின்ட் வாடை வந்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம். நிறத்துக்கு இரண்டு நாள் கொடுங்கள்.

6. அந்த இடைவெளியில் உள்பகுதியும் சக்கரமும்

இப்போது விளக்கத்தாளின் முதல் பக்கத்துக்குப் போகலாம். அடிப்பகுதி, சக்கர அச்சு, இருக்கைகள். இதில் நான் அதிகம் சொல்லப்போவதில்லை, தாளில் உள்ளபடி போனால் போதும். பெயின்ட் அடித்த பாகத்தில் பசை படும் இடத்தை மட்டும் சுரண்டிவிட்டு ஒட்டுங்கள். குரோம் பூச்சுக்கும் அதே விதி. குரோமின்மேல் சிமென்ட் பிடிக்காது.

உள்பகுதி முழுவதையும் ஒரே கறுப்பில் அடித்தால் அடுப்புக்கரி மாதிரி இருக்கும். டாஷ்போர்டு அரைப்பளபளப்புக் கறுப்பு, இருக்கை அடர் சாம்பல், தரை அதைவிட ஒரு படி வெளிர் என்று பிரியுங்கள். சீட் பெல்ட் பல கிட்களில் இருக்காது. நிஜ பெல்ட் ஏறக்குறைய 48 மி.மீ. அகலம், 24-ஆல் வகுத்தால் 2. மாஸ்கிங் டேப்பில் 2 மி.மீ. பட்டை வெட்டிக் கறுப்பு அடித்து ஒட்டினால் உயிர் வந்துவிடும். இருபது நிமிட வேலை, காசு கிடையாது. பார்ப்பவர்கள் முதலில் கேட்பது அதைப் பற்றித்தான்.

டயரின் நடுவில் ஓடும் அச்சுக்கோட்டை 400 பேப்பரால் தேயுங்கள். அந்தப் புது ரப்பர் மினுமினுப்பும் போய், ஓடிய டயர்போல் ஆகும்.

7. டெக்கல், க்ளியர், பாலிஷ்

டெக்கலை (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னப் படங்கள், எழுத்துகள்) வெட்டி, தண்ணீரில் பத்துப் பதினைந்து விநாடி நனைத்து, வெளியே எடுத்து ஒரு நிமிடம் வையுங்கள். தானாக நழுவ வேண்டும், இழுக்கக் கூடாது. காரில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து அதன்மேல் நழுவவிட்டால் இடம் மாற்ற நேரம் கிடைக்கும். காதுக் குச்சியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒற்றுங்கள். ஒரு நாள் காயட்டும்.

லாக்கர் க்ளியரை டெக்கல்மேல் ஈரமாக அடித்தால் அது சுருண்டுவிடும். இரண்டு மூன்று தூவல் கோட், ஒவ்வொன்றுக்கும் இடையில் கால் மணி நேரம், அதற்குப் பிறகே ஈரக் கோட்.

பெயின்ட் வரிசையில் ஒரு விதி: லாக்கர் அடியில், அக்ரிலிக்கோ எனாமலோ மேலே. எனாமலின்மேல் லாக்கர் அடித்தால் முதலை முதுகுபோல் வெடிக்கும்.

க்ளியர் அடித்த பிறகு முழுதாக ஒரு வாரம், மழைக்காலமானால் பத்து நாள், டப்பாவைத் திறக்காதீர்கள். வீட்டார் கேட்டால் ஸ்பூனைக் காட்டுங்கள். அதன்பின் 2000 பேப்பரை நனைத்து, தூசி விழுந்த இடத்தில் மட்டும் தேய்த்து, கார் ஆக்சஸரி கடைகளில் கிடைக்கும் பாலிஷ் காம்பவுண்டைப் பழைய பனியன் துணியில் தடவி வட்டமாகத் தேய்த்தால் டியூப் லைட் நேர்கோடாக அதில் தெரியும். ஓரங்களையும் முகடுகளையும் தொடாதீர்கள். அங்கே பெயின்ட் மெல்லியது, இரண்டு தேய்ப்பில் வெள்ளை எட்டிப் பார்க்கும்.

8. கடைசிப் பொருத்தம்

கதவு இடுக்குகளில் நீர்த்த எனாமல் ஒன்றை மெல்லிய பிரஷ்ஷால் தொட்டு வைத்தால் தானாக ஓடி நிரம்பும். நீல வண்டிக்கு அடர் சாம்பல் போதும். கறுப்பு போட்டால் வரைந்த படம்போல் இருக்கும். பெயின்ட் இல்லாத வெற்று பிளாஸ்டிக்கில் எனாமல் தின்னர் தேங்கினால் விரிசல் விடும், அடிப்பகுதியில் கவனம்.

ஜன்னலைச் சுற்றியுள்ள கறுப்பு ஓரத்துக்கு டாமியா பல கிட்களில் மாஸ்கிங் தாள் தருகிறது. கோட்டோடு நீங்கள் வெட்டிக்கொள்ள வேண்டும், புது பிளேடு போட்டு வெட்டுங்கள். பின் விளக்குக்கு டாமியாவின் எக்ஸ்-27 க்ளியர் சிவப்பு, இண்டிகேட்டருக்கு எக்ஸ்-26 க்ளியர் ஆரஞ்சு. கண்ணாடிகளை வெள்ளைப் பசையால் ஒட்டி ஒரு இரவு விடுங்கள். ஈரத்தோடு பாடியை அடிப்பகுதிமேல் அழுத்தினால் முன்கண்ணாடி உள்ளே விழும். விழுந்தால் வெளியே எடுக்க முழுவதையும் பிரிக்க வேண்டும்.

9. நம்பர் பிளேட்

கிட்டில் ஜப்பான் பிளேட் இருக்கும். நம் ஊர்ப் பிளேட் வேண்டும் என்றால் கணக்கு எளிது: 500 × 120 மி.மீ. பிளேட் 1/24-இல் 20.8 × 5 மி.மீ., 340 × 200 மி.மீ. பிளேட் 14.2 × 8.3 மி.மீ. 4×6 போட்டோ ஒன்றில் பத்துப் பன்னிரண்டை அடுக்கி ஸ்டுடியோவில் ஒரே பிரிண்டாகப் போட்டுக்கொள்ளுங்கள். என் இரண்டாவது காரில் அப்பாவின் பழைய பியட் நம்பர் இருக்கிறது. அவர் அதைப் பார்த்துவிட்டு, பெயின்ட் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, டி.என். இல்லை, அது எம்.டி. என்றார். மறுபடி பிரிண்ட் போட்டேன்.

காலி சட்டங்களைத் தூக்கிப் போடாதீர்கள். சின்னத் துண்டுகளாக நறுக்கி, பாதி தீர்ந்த சிமென்ட் பாட்டிலில் போட்டு வைத்தால் இரண்டு நாளில் கூழாகும். இடுக்கு அடைக்க அதைவிட நல்ல பட்டி கிடையாது. ஸ்பூன்களையும் வைத்திருங்கள். முதுகில் நிறத்தின் நம்பர், பிரைமரின் பெயர், அடித்த தேதி, அன்றைய ஈரப்பதம் எழுதி ஒரு டப்பாவில் போடுங்கள். என்னிடம் பத்தொன்பது இருக்கிறது, அதில் நாலு வெளுத்தவை, நாலும் நவம்பர்.